பென்சிலில் ஒரு தேசம்

சேலைக் கரைக்கு அன்னப்பட்சி வரைந்து தரச் சொன்னால், "அன்னத்தை நான் பார்க்கலீங்க" என்று கட்டம் போட்ட தாளைத் திருப்பிக் கொடுத்துவிடும் மனிதர் ஒருவர் எங்கள் ஜலகண்டாபுரத்தில் மூன்று வருஷம் இருந்தார். அன்னப்பட்சியை யார்தான் பார்த்திருக்கிறார்கள்? வரைந்தவன் பார்த்ததில்லை, நெய்தவன் பார்த்ததில்லை, கட்டிக்கொண்டு போகிறவளும் பார்த்ததில்லை. அதற்காக ஊரில் அன்னக்கரைச் சேலை இல்லாமலா போயிற்று?

நான் அப்போது நூல் கடையும் சேலை ஏவாரமும் வைத்திருந்தேன். வயது முப்பது. வாய்க்கு வயது கிடையாது.

"பின்னே எந்தப் பட்சியைத்தான் பார்த்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"வாத்து பார்த்திருக்கேனுங்க."

"அப்ப வாத்தை வரைஞ்சு, கழுத்தைக் கொஞ்சம் நீட்டி உடுங்க. அன்னம்னு சொல்லிக்கலாம்."

"எவ்வளவு நீட்டறதுங்க? பார்த்திருந்தாத்தானே தெரியும்."

வாத்தையே வரைந்தார். கோபத்தில் அதையே தறியில் ஏற்றச் சொல்லி, வந்த சேலையைத் திருச்சிக் கடை ஒன்றுக்கு அனுப்பித் தொலைத்தேன். வாத்துக்கரைச் சேலை இன்னும் வேண்டும் என்று கடிதம் வந்தது. யோசனை என்னுடையது என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் காதிலும் விழுந்தது. மறுக்கவில்லை. "யோசனை யாருக்கு வந்துச்சுன்னு யாருங்க பார்த்தா?" என்றார். கிண்டலா, நிஜமாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஊரில் அவரைப் பர்மாக்காரர் என்பார்கள். சேலம் டவுனில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். மீசை முளைத்த கையோடு கப்பலேறிப் போய், பர்மாவில் எண்ணெய் எடுக்கிற கம்பெனி ஒன்றில் வரைபடம் போடும் வேலை பார்த்தவர். யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்தபோது கம்பெனிக்காரர்களே தங்கள் எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தார்களாம். அந்தப் புகைக்குக் கீழே நடக்கத் தொடங்கி, மலை தாண்டி அசாமுக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் சேலம் வந்து சேர்ந்தார். வரும்போது கையில் இருந்தது ஒரு தகரக் குழாய். அதற்குள் சுருட்டி வைத்த காகிதம். நூல் கடைக்குப் பின்னாலிருந்த அறையை அவருக்கு வாடகைக்கு விட்டேன். சேலைக் கரைக்குக் கட்டத்தாளில் உரு வரைந்து தருவது அவர் பிழைப்பாயிற்று.

வந்த வாரமே அந்தக் காகிதங்களை ஒட்டுப்போட்டுச் சுவர் முழுக்க விரித்தார். பார்த்தால் நம் தேசம். இமயம் முதல் குமரி வரை எல்லைக்கோடு இருந்தது. உள்ளே பெரும்பாலும் வெள்ளை. அங்கங்கே மஞ்சள், அங்கங்கே கறுப்புச் சிவப்பு, நிறைய இடத்தில் பென்சிலால் மெல்லிய கோடு.

"என்னங்கண்ணா, பாதி தேசத்துக்கு மேல சுண்ணாம்படிச்சு வெச்சிருக்கீங்க?"

"அங்கெல்லாம் பூமிக்கடியில என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க தம்பி. கண்ணால பார்த்த இடத்துக்கு மட்டும் வண்ணம். சொல்லிக் கேட்டதுக்குப் பென்சிலு."

எண்ணெய் எங்கே கிடைக்கும் என்று அவர் எனக்கு விளக்கியது இப்படி. கடலும் ஆறும் காலங்காலமாகச் சேற்றைக் கொண்டுவந்து பள்ளத்தில் அடுக்கடுக்காகப் படிய வைக்கின்றன. சேற்றோடு சேர்ந்து செத்த பாசியும் பூச்சியும் அடியில் மாட்டி, அமுங்கி, சூட்டில் வெந்து எண்ணெயாகின்றன. அப்படி அடுக்கு விழுந்த பள்ளங்கள் நாட்டில் எங்கெங்கே உண்டு என்று தெரிந்தால்தான் தோண்ட முடியும். மஞ்சள் என்றால் அடுக்கு மண். கறுப்புச் சிவப்பு என்றால் கெட்டிப் பாறை.

"நம்ம சேலம்?"

"அது அடுப்புல வெந்த கட்டிங்க. அடுக்கே இல்லை. ஓமலூர்ல இருந்து நாமக்கல் வரைக்கும் நானே நடந்து பார்த்துட்டேன். இந்த மேப்புல நான் துணிஞ்சு அடிச்ச வண்ணம் அதுதான். ஒரு சொட்டு கிடைக்காது."

எனக்கு ஜில்லா முழுவதற்குமாகச் சேர்த்து ரோஷம் வந்தது.

கடைக்கு வரும் வெளியூர் வியாபாரிகளைப் பிடித்து உட்காரவைத்து அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. "உங்க ஊர்ல கிணறு வெட்டினா என்ன வருதுங்க?" நூல் விலை பேச வந்தவன் முழிப்பான். மசூலிப்பட்டணத்துக்காரனிடம் கேட்டார். நாகப்பட்டணத்துக்காரனிடம் கேட்டார். குஜராத்திலிருந்து வந்த தரகர் ஒருவர், தன் ஊரில் கிணறு வெட்டும்போது அழுகல் நாற்றம் வந்ததாகவும், உள்ளே இறக்கிய விளக்கு குப்பென்று பற்றியதாகவும் சொன்னார். நான் துள்ளினேன். "அடிங்கண்ணா மஞ்சளை!"

"நீங்க பார்த்தீங்களா தம்பி?"

"இல்ல."

"நானும் பார்க்கலீங்க." பென்சிலால் சின்ன வட்டம் போட்டார். அசாமில் எண்ணெய் எடுப்பது உலகத்துக்கே தெரியும். அதற்கும் பென்சில்தான். அந்த வழியாக வந்தவர்தானே என்று மடக்கினால், "ரயில்ல தூங்கிட்டேனுங்க" என்றார்.

"இதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாளைக்கு நாடு நம்ம கைக்கு வந்துச்சுன்னா எங்கெங்க தோண்டறதுன்னு கேப்பாங்கல்லங்க. அப்ப பொய் கலக்காத தாள் ஒன்னாவது இருக்கோணும்."

பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் எங்களுக்குச் சீமெண்ணெய் போயிற்று. அங்கிருந்து வந்ததுதானே இத்தனை நாளும் எங்கள் தறிக்குழிகளில் எரிந்தது. ரேஷனில் தரும் எண்ணெய் விளக்குத் திரியை நனைக்கத்தான் காணும். நான் எப்படியோ ஒரு டின் சம்பாதித்தேன். எப்படி என்று கேட்காதீர்கள். பதுக்கினால் ஜெயில் என்று தண்டோரா போட்டிருந்த காலம். மனைவியிடம் கொடுத்து, "யாருக்கும் தெரியாத எடத்துல ஒளிச்சு வெய்யி. எங்கேன்னு எனக்கும் சொல்லாத. என் வாயைப் பத்தித்தான் தெரியுமே" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே அறிவான பேச்சு அது. அதனால் வந்த வினையைக் கேளுங்கள்.

அந்தச் சித்திரையில் எங்கள் கிணற்றில் தண்ணீர் பாதாளத்துக்குப் போயிற்று. எங்கள் வீதியிலேயே உப்புக் கரிக்காத கிணறு எங்களுடையதுதான். வீதியே அதில்தான் குடிக்கச் சேந்தும். தண்ணி ஒரு மாதிரி நாறுகிறது என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். எட்டிப் பார்த்தேன். தண்ணீர்மேல் வானவில் மிதந்தது. ஊதா, பச்சை, பொன் நிறம்.

ஓடிப்போய் அவரை இழுத்து வந்தேன். உள்படி வழியாக இறங்கினார். நானும் பின்னாலேயே இறங்கினேன். ஒரு குச்சியை ஒடித்து, அந்த வானவில்லில் கோடு கிழித்தார்.

"துருத் தண்ணியா இருந்தா அப்பளம் மாதிரி துண்டு துண்டா உடையுமுங்க. எண்ணெயா இருந்தா பிரிஞ்சு மறுபடியும் ஒட்டிக்கும்."

பிரிந்தது. ஒட்டிக்கொண்டது. விரலில் தொட்டு முகர்ந்தார். முகம் என்னவோ போல் ஆயிற்று.

"எண்ணெய்தானுங்க" என்றார். "ஆனா..."

அந்த ஆனாவை நான் கேட்கவில்லை. படியில் இரண்டிரண்டாகத் தாவி மேலே போய்விட்டேன். அரைமணியில் கடைத்தெரு முழுக்கத் தெரியும். பர்மாக்காரரே எண்ணெய் என்று சொல்லிவிட்டார்! பார்க்காததைச் சொல்லாத மனுஷன், அவரே சொல்லிவிட்டார்! அவருடைய நாணயத்தை வைத்து அன்று நான் ஊருக்கே கதை விற்றேன். கிணற்று மேட்டில் நின்றுகொண்டு, எங்கே எண்ணெய் எடுக்கிற கோபுரம் வரும், எங்கே குழாய் போகும், மேட்டூர் அணைக்கு வருகிற துரைமார்கள் இனி எந்த வழியாகத் திரும்புவார்கள் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினேன். கம்பெனிக்குப் பெயர்கூட வைத்துவிட்டேன். என் பெயர்தான்.

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, இது இந்தப் பாறையில இருந்து வரலீங்க. பூமியில இருந்து வர்ற எண்ணெய் கறுப்பாக் குழம்பு மாதிரி இருக்கும். இது காய்ச்சி வடிச்ச எண்ணெய். பாறைக்குள்ள யாருங்க காய்ச்சுவா?"

"பொறாமைங்க" என்றேன் கூட்டத்தைப் பார்த்து. ஆம், அந்த வார்த்தையைச் சொன்னேன். கூட்டம் சிரித்தது. அவர் சிரித்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

என் மனைவி மூன்று தடவை வந்து சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். "ஏனுங்க, ஒரு நிமிசம் உள்ள வந்துட்டுப் போங்க." மூன்று தடவையும், "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று விரட்டினேன்.

கிணற்றடிப் பாறைக்கு வெடி வைக்க, தாரமங்கலத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. அடியைப் பிளந்தால் எண்ணெய் பீறிடும் என்பது என் கணிப்பு. தண்ணீர் ஊற்று கலைந்தால் வீதி எங்கே போய்க் குடிக்கும் என்று யாரோ ஒரு பெண் கேட்டாள். "எண்ணெய் வித்த காசுல எளநி குடிக்கலாம்" என்றேன். வெடி ஆள் கருமருந்தைக் கூடையில் வைத்து இறங்கக் காலை எடுத்து வைத்தான். அப்போதுதான் என் மனைவி, அத்தனை பேர் முன்னாலும், என் கையைப் பிடித்து அடுக்களைக்குள் இழுத்துப் போனாள்.

"கெணத்துக்குள்ள புறாப் பொந்து இருக்குதுல்லங்க. அதுலதான் டின்னை வெச்சேன். அடி துருப்புடிச்சு ஒழுகியிருக்குமாட்ட இருக்குது. அதுக்குப் பக்கத்துல போய் மருந்தைக் கொளுத்தப் போறீங்களே, சாமி."

 வெளியே நூறு பேர் காத்திருக்கிறார்கள். வெளியே போய், குலதெய்வத்தைக் கேட்டதாகவும் சாமி உத்தரவு தரவில்லை என்றும் சொன்னேன். எப்போது கேட்டேன் என்று ஒருவன் கேட்டான். அடுக்களையில் என்றேன். வெடி ஆள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்தான். அன்று முதல் எனக்கு ஊரில் எண்ணெய் ராசா என்று பெயர். என் பேரப்பிள்ளைகள் வரை அந்தப் பெயர் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அதோடு முடியவில்லை. மறுநாளே ரேஷன் அதிகாரி வந்துவிட்டார். கிணற்றில் எண்ணெய் என்ற சேதி அவருக்குப் போகாமல் இருக்குமா? அவர் ஒன்றும் என்னைப் போன்ற ஆள் இல்லை. எட்டிப் பார்த்தார், முகர்ந்தார், என் முகத்தைப் பார்த்தார். என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். டின்னை அதற்குள் எடுக்க முடியவில்லை. கிணற்றைச் சுற்றி ஆள் கலையவே இல்லையே. அதிகாரி பர்மாக்காரரைக் கூப்பிடச் சொன்னார்.

"நீங்கதான் எண்ணெய்னு சொன்னீங்களாமே?"

"ஆமாங்க. எண்ணெய்தானுங்க."

"பாறையில இருந்து வந்ததா?"

"இல்லீங்க."

"அப்ப எங்கிருந்து வந்தது?"

 முந்தின நாள்தான் ஊர் முன்னால் பொறாமைக்காரன் என்று அவரைச் சொல்லியிருந்தேன். அவர் கிணற்றையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"நான் பார்க்கலீங்க."

"ஊகமாச் சொல்லுங்க."

"ஊகம் சொல்ற வழக்கம் இல்லீங்க. ஊர்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க."

கூட்டத்திலிருந்த பத்துப் பேர், அன்னப்பட்சி கதையை அதிகாரிக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். அவர் கேட்டார், சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. கிணற்றை இறைத்துச் சுத்தம் பண்ணச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து ஆள் ஓய்ந்த மத்தியானத்தில் நானே பொந்துக்குள் கைவிட்டு டின்னை எடுத்தேன். நேராக அவர் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "உங்களுக்கு முதல்லயே தெரியுமாங்கண்ணா?"

"புறா ரெண்டு நாளா பொந்துக்கு வெளியவே உக்காந்திருந்துச்சு. அதைத்தான் பார்த்தேன். உள்ள எட்டிப் பார்க்கலீங்க. பார்த்திருந்தா அவர்கிட்டச் சொல்லியிருக்கோணுமே."

இந்த மனுஷனுக்கு ஏதாவது நல்லது செய்தே தீரவேண்டும் என்று முடிவு செய்தேன். நான் நல்லது செய்யக் கிளம்பினால் என்ன ஆகும் என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அவருக்கு மனைவி இருந்தார். சேர்ந்துதான் நடந்து கிளம்பினார்கள். மலை வழியில் எங்கேயோ மனைவி பிரிந்துபோனார். அதற்குமேல் பர்மாக்காரர் பேசமாட்டார். ஆனால் மாதம் தவறாமல் கல்கத்தாவுக்கும் அசாமுக்கும், அகதி முகாம்களுக்கெல்லாம் கடிதம் எழுதுவார். பதில் வராது. வந்தாலும், தகவல் இல்லை என்று ஒரே வரிதான். கல்லறைத் திருநாளன்று மாதா கோயிலில் இறந்தவர்கள் பெயரை எழுதிக் கொடுப்பார்களாம். பங்குச் சாமியார் இரண்டு வருஷமும் கேட்டிருக்கிறார். "இறந்துட்டாள்னு எழுத முடியாதுங்க சாமி" என்று வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் போதும், உரு வரைகிற பென்சில் அவர் கையில் நின்றுவிடும். நான் தினமும் பார்த்தேன். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இது நிஜம். என் முட்டாள்தனங்களுக்குள் இது ஒன்றுதான் நல்ல எண்ணத்தில் பிறந்தது.

ராசிபுரத்தில் என் மனைவிக்குத் தூரத்து உறவில் ஒரு அம்மாள், ரங்கூனிலிருந்து வந்தவர். குண்டு விழுவதற்கு முன்பே கப்பலில் வந்துவிட்டவர். மலை ஏறியதில்லை. அவரைப் பிடித்தேன். "நானும் அந்த வழியாத்தான் நடந்து வந்தேன். உங்க ஊட்டம்மாளைப் பார்த்தேன். காய்ச்சல் கண்டு அமைதியாப் போயிட்டாங்க, எல்லாருமாச் சேர்ந்து அடக்கம் பண்ணினோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த மனுசன் அழுது தீர்த்துட்டு நிம்மதியா இருப்பாரு" என்றேன். அந்த அம்மாள் தயங்கினார். பிறகு, இந்த ஏற்பாடு என் மனைவிக்குத் தெரியாமல், ஒரு மத்தியானம் பர்மாக்காரர் அறைக்கு வந்தார்.

பர்மாக்காரர் எழுந்து நின்று அந்த அம்மாளுக்கு நாற்காலி போட்டார். செம்பில் தண்ணீர் கொடுத்தார். கைகட்டி நின்று கேட்டார்.

அந்த அம்மாள் நன்றாகவே சொன்னார். நானே நம்பிவிட்டேன். அவர் மனைவி என்ன சேலை கட்டியிருந்தார் என்பதை நான்தான் எப்போதோ அவர் வாயிலிருந்து பிடுங்கி வைத்திருந்தேன். அதையும் சரியாகச் சொன்னார். கடைசியில், "ஒரு பெரிய கருங்கல் பாறை, அது நெழல்லதாங்க படுக்க வெச்சிருந்தோம். அதுக்குப் பக்கத்துலயே குழி வெட்டி..." என்றார்.

"கருங்கல்லுங்களா?"

"ஆமாங்க. யானை மாதிரி கருங்கல்லு."

அந்தக் கருங்கல்லை நான்தான் சேர்த்துக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த மலை சங்ககிரி, திருச்செங்கோடு. மலை என்றால் பாறை. பாறை இல்லாமல் ஒரு மலை நிற்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

பர்மாக்காரர் செம்பை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, அந்த அம்மாளுக்கு வலித்துவிடக்கூடாது என்பது போலச் சொன்னார். "ரொம்ப தூரம் வந்திருக்கீங்க, சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்."

அந்த அம்மாள் என் வீட்டுப் பக்கம் போனதும், நானும் நழுவப் பார்த்தேன்.

"இருங்க தம்பி."

நின்றேன்.

"அந்த மலை முழுக்க அடுக்குக் கல்லுங்க. களியும் மணலும் இறுகின கல்லு. கையால உடைச்சாப் பொடியும். நாப்பது நாளு நடந்தேன். கருங்கல்லுன்னு ஒன்னு கண்ணுல படலை."

"அண்ணா, நான் உங்க நல்லதுக்கு..."

"தெரியுமுங்க."

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தால் இன்னும் சுலபம். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை நாளும் என்னிடம் சொல்லாததை அன்று சொன்னார்.

"அவளால நடக்க முடியலை. ஒரு மரத்தடியில உக்கார வெச்சுட்டு, தண்ணி எடுத்துட்டு வாரேன்னு எறங்கினேன். தண்ணி தூரமா இருந்துச்சு. பாதி வழியில திரும்பிப் பார்த்தேன். செருப்பைக் கழட்டி வெச்சுட்டு, காலை நீட்டி உக்காந்திருந்தா. சீக்கிரம் போன்னு கையை ஆட்டினா. சிரிச்சாளுங்க. நான் திரும்பி வர்றதுக்குள்ள பின்னால வந்த கூட்டம் ஒன்னு அந்த வழியாப் போயிருச்சு. மரத்தடியில யாரும் இல்லை. கூட்டத்தோட போயிட்டாளா, தூக்கிட்டுப் போனாங்களா, எனக்குத் தெரியாது. ஒன்பது நாளு தேடினேன்."

அவர் சுவரில் விரித்திருந்த தேசத்தைப் பார்த்தார்.  

"காலை நீட்டி உக்காந்திருக்கா, கையை ஆட்டறா. நான் பார்த்தது அதுதானுங்க தம்பி. அதுக்கு மேல குழியும் பாறையும் நீங்க வரைஞ்சு சேர்க்காதீங்க. அவளை அப்படியே உட்டுருங்க."

அடுக்களையிலிருந்து என் மனைவி இலை போட்டாயிற்று என்று கூப்பிட்டாள். அவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, அந்த ராசிபுரத்து அம்மாளுக்கு எதிரில் உட்கார்ந்தார். அந்த அம்மாள் தலை நிமிரவில்லை. அவரே குழம்புக் கிண்ணத்தை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்து, ரங்கூனில் எந்தத் தெருவில் குடியிருந்தீர்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.